டெல்டாவின் இசையைப் பட்டறையிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாட்டு இசையைக் கேட்க வேண்டும் என்றதும் பலரும் மார்கழியில் சென்னைக்கு டிக்கெட் போடுகிறார்கள். சபாக் கச்சேரிகள் அருமைதான். ஆனால் அந்த வாத்தியங்கள் பிறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூரில் தங்கிச் சுற்றுங்கள். இங்கே பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணியாகும். அந்த இடைவெளி பட்டறைகளுக்கு.

தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. குடம் (உருண்டையான அடிப்பாகம்), தண்டி (நீண்ட கழுத்து), யாளிமுகம் (முனைச் சிற்பம்) மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை, ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. வாங்குபவர்கள் குடமும் தண்டியும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், இணைப்பு தட்டுப்படும். பட்டறையில் நின்று பார்க்க வேண்டிய வேலை மேளம் கட்டுவது, அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோக மெட்டுகளைப் பதிப்பது. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் இரு பக்கமும் வரப்பு மாதிரி ஏற்றி, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுருதி கேட்டு அமுக்கி நிறுத்துகிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வீணையை விட்டால் மெழுகு இளகி மெட்டு இறங்கிவிடும், ஸ்வரங்களின் இடம் பிசகும். பிறகு மேளத்தைத் திரும்பக் கட்டத்தான் வேண்டும்.

கும்பகோணம் – மயிலாடுதுறை வழியில், ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவே நரசிங்கம்பேட்டை. இவ்வூர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்யும் மரம் ஆச்சா. அதுவும் புது மரம் ஆகாது. ஈரம் வற்றும்போது வெடிக்கும், துளை அளவு மாறிச் சுருதி ஓடிவிடும். அதனால் இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடி வாங்குகிறார்கள். விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழே இருக்கும் மற்ற துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் நாதத்தைச் சரிசெய்வார்கள். வாத்தியத்தில் தொங்கும் சீவாளிகளை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளை மட்டும் தொடாதீர்கள். நுனி லேசாகப் பிளந்தாலும் ஊத முடியாது.

திருவையாறு தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர். அங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்), பெரும்பாலும் ஜனவரியில். பஞ்சாங்கம் பார்த்த பிறகு அறை பதிவு செய்யுங்கள், தேதி ஆண்டுதோறும் மாறும். தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கும், ராக வரிசை: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. நல்ல இடம் வேண்டுமென்றால் ஏழரைக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மற்ற மாதங்களே மேல். தியாகராஜரின் சமாதிக் கோயிலையும், அதைக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடத்தையும் நிதானமாகப் பார்க்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என ராஜராஜன் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு அர்த்த மண்டபத்தில் ஓதுவாரின் குரலைக் கேளுங்கள், வேறு மாதிரி கேட்கும். திருவாரூர்க் கோயிலுக்குச் சாயரட்சை (மாலைப் பூஜை) நேரத்தில் போய்ச் சேர்வதுதான் அழகு. ஐந்து முகம் கொண்ட தோல்கருவியான பஞ்சமுக வாத்தியம் அங்கே உண்டு.

ஒரு நாள் மிச்சமிருந்தால் புதுக்கோட்டை வழியாகக் குடுமியான்மலை. கிராம ராகங்கள் எனப்படும் ஏழு பழைய ராகங்களின் ஸ்வரக் கோவைகளைக் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள், ஏழாம் நூற்றாண்டு வேலை. உச்சி வெயிலில் எழுத்து கண்ணுக்குச் சிக்காது. வெளிச்சம் சாய்வாக விழும் வேளையில் போனால் ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து தெரியும். சுண்ணாம்போ மாவோ தடவிப் படிக்க முயலாதீர்கள், கல் கெடும்.