கடம்பூர் மாளிகையைக் கட்டுரையிலிருந்து எடுத்தபோது

கொலையுண்ட சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் பற்றிய கட்டுரையைத் தரமதிப்பீட்டுக்கு அனுப்பும் அளவுக்குச் சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் இருக்கும் கட்டுரை. அடிக்குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. திறந்து பார்த்தால் பெரும்பாலும் செய்தித்தளங்கள். அவற்றில் சில, எங்கள் கட்டுரையின் பழைய வடிவத்தையே வரி மாறாமல் எடுத்துப் போட்டிருந்தன. நாங்கள் எழுதியதற்கு நாங்களே சாட்சி! அவற்றை முதலில் தூக்கினேன்.

அப்புறம் கடம்பூர். அங்கிருந்த மாளிகையில்தான் கொலை நடந்தது என்று அடித்துச் சொல்லியிருந்தது கட்டுரை. கொலையை நேரடியாகப் பேசும் முதன்மைச் சான்று உடையார்குடிக் கல்வெட்டு. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கல்வெட்டுகளைப் பதிப்பிக்கும் 'எபிகிராபியா இண்டிகா' இதழின் 21ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கும் வாசகத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளான' என்று சொல்லி, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைத் தருகிறது. அவர்களுடைய உறவினர்களின் உடைமைகளைப் பறிமுதல் செய்ய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசாணை. அவ்வளவுதான். எங்கே கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்று ஒரு சொல் கிடையாது. கடம்பூர்க் காட்சியும் நந்தினி என்ற பாத்திரமும் 'பொன்னியின் செல்வன்' நாவல் தந்தவை. 2022இல் படம் வந்த பிறகு இந்தக் கலப்பு இன்னும் கூடிவிட்டது. 'புனைவுகளில்' என்று தனித் தலைப்புப் போட்டு அங்கே நகர்த்தினேன்.

உண்மையில் கடினமாக இருந்தது, இராசராசனுக்கு முன் அரசாண்ட உத்தம சோழன் பற்றிய பகுதிதான். அவனுக்குக் கொலையில் பங்குண்டு என்று கட்டுரை தானே தீர்ப்பு எழுதியிருந்தது. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி அவனைச் சந்தேகிக்கிறார். சதாசிவப் பண்டாரத்தார் மறுக்கிறார். இருவர் கருத்தையும் அவரவர் பெயரோடு, பக்க எண்ணோடு எழுதிவிட்டு, யார் சொல்வது சரி என்பதைத் தொடாமல் விட்டேன். கை துறுதுறுக்கத்தான் செய்தது. எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது, ஆனால் அதற்கு அங்கே இடமில்லை.

முதன்மைச் சான்றைச் சுட்டவே கூடாது என்றார் மதிப்பீட்டாளர். கல்வெட்டு வெளிப்படையாகச் சொல்வதற்கு மட்டும் கல்வெட்டு, அதிலிருந்து எடுக்கும் ஊகத்துக்கெல்லாம் ஆய்வு நூல் என்று பிரித்துக் காட்டியதும் சரி என்றார். இறந்த ஆண்டில்தான் இன்னும் இழுபறி: ஆய்வாளர்கள் ஒரே ஆண்டைச் சொல்வதில்லை, கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல் பெட்டியோ ஒரே ஓர் ஆண்டைத்தான் கேட்கிறது.