கண்ணாடிப் பெட்டி இல்லாத அருங்காட்சியகம்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு 'வாழும் வரலாறு' அருங்காட்சியகம் போய் வந்தோம். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே அந்தக் காலத்து உடையில் ஆட்கள் நிஜமாகவே வேலை செய்கிறார்கள். 1891-இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம்தான் இந்த வகைக்கெல்லாம் முன்னோடி.

மகள் கொல்லன் பட்டறையை விட்டு நகரவே இல்லை. துருத்தி ஊத ஊத, இரும்பு கருஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சாகி மஞ்சளுக்கு வந்தது. "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்டாள். "நிறத்தை வைத்துத்தான் சூட்டைக் கணிக்கணும்மா, வெளிச்சம் இருந்தால் ஏமாந்துடுவோம்" என்றார் கொல்லர். எத்தனை புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் அந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்காது.

தறியையும் பானைச் சக்கரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தோம், அவ்வளவுதான். எல்லா வீட்டையும் பார்த்தே தீரணும் என்று பிள்ளைகளை இழுக்காதீர்கள். பிடித்த இடத்தில் நிற்கட்டும், கேள்வியையும் அவர்களே கேட்கட்டும். அப்புறம், எந்தப் பட்டறையில் எப்போது வேலை நடக்கும் என்று வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் போனால் பாவம், ஏமாந்துபோவார்கள்.