சிவப்பு நாடாவும் பதிவறையும்

அரசு அலுவலகத்தில் ஒரு காரியம் தாமதமானால் 'ரெட் டேப்' என்று சொல்லிவிடுகிறார்கள். நம் நாளிதழ்களும் 'சிவப்பு நாடா முறை' என்றே எழுதிப் பழகிவிட்டன. வருவாய்த் துறைப் பதிவறையில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு, அதை எல்லா விதிமுறைக்குமான வசவாகப் பயன்படுத்துவதில் உடன்பாடில்லை. இங்கிலாந்தில் சட்ட ஆவணங்களையும் அரசுத் தாள்களையும் சிவப்பு நாடாவால் கட்டி வைத்த வழக்கத்திலிருந்து பிறந்த தொடர் அது. 19ஆம் நூற்றாண்டில் கார்லைல், டிக்கன்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்கள் கேலியாக எழுதியதில்தான் இன்றைய பொருளில் பரவியது.

பதிவறையில் நாடாவின் வேலை வேறு: கோப்பைச் சிதறாமல் காப்பது. சென்னை மாகாணக் காலத்து டாட்டன்ஹாம் முறை என்ற கோப்புப் பராமரிப்பு முறைப்படி, முடிவுற்ற கோப்பின் எண்ணோடு இடும் குறி ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாகவும், டி.டிஸ். என்றால் 10 ஆண்டுகளும், கே.டிஸ். என்றால் 3 ஆண்டுகளும் காக்கப்பட வேண்டும். பட்டாவில் கணவர் பெயர் விடுபட்டிருப்பதாக ஒரு மூதாட்டி வந்தபோது, அவர் கையிலிருந்த மங்கிய உத்தரவு நகலில் ஆர்.டிஸ். எண் இருந்ததால் கட்டு உடனே கிடைத்தது. நாடா சாயம் போய்ப் பழுப்பேறி, முடிச்சு இறுகியிருந்தது. வெட்டி இழுத்தால் ஓரத் தாள்கள் உதிர்ந்துவிடும் என்பதால் ஊசிமுனையால் நெகிழ்த்தி அவிழ்த்தோம். அலுவலகக் குறிப்புகள் அடங்கிய குறிப்புக் கோப்பும், கடிதங்கள் அடங்கிய நடப்புக் கோப்பும் பக்க எண் பிசகாமல் உள்ளே இருந்தன. அந்த அம்மாவின் உரிமைக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்.

தாமதம் அதற்குப் பிறகே தொடங்கியது. வாரிசுச் சான்று கேட்டு மனு ஒருமுறை திரும்பியது. அதைக் கொடுத்த பின் வில்லங்கச் சான்று கேட்டார்கள். அதுவும் வந்த பின்னரே கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை இல்லையென்பது ஒருவருக்கு நினைவு வந்தது. "எல்லாத்தையும் ஒரே தடவையில சொல்லியிருந்தா இத்தனை தடவை பஸ் ஏறியிருக்க வேண்டாமே, தம்பி" என்றார் அவர். மூன்றுமே அவசியமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வாரிசுகளை விசாரிக்காமல் பெயர் மாற்றினால் நாளை இன்னொருவரின் பங்கு பறிபோகும். ஆனால் அவற்றைத் தவணை முறையில் கேட்கும்படி எந்த விதியும் சொல்லவில்லை. ரெட் டேப் என்று நான் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான். இப்போது கோப்புகள் கணினியில் நகர்கின்றன, கட்டுவதற்கு நாடாவும் இல்லை. ஆயினும், முதல் குறிப்பிலேயே கேட்டிருக்க வேண்டியதை மூன்றாம் குறிப்பில் கேட்டுத் திருப்புவது திரையிலும் நடக்கத்தான் செய்கிறது.