அப்பாவோட கால் காய்ப்பு

30 வருஷம் பஸ்ல கண்டக்டரா நின்ன கால் அது. பெருவிரலுக்குக் கீழ உள்ளங்கால்ல மஞ்சளா தடிச்சு காய்ச்சுப் போய் கிடக்கும், அப்பா ஞாயித்துக்கிழமை குளிச்சிட்டு வந்து சேவிங் பிளேட பாதியா ஒடிச்சு வச்சுக்கிட்டு அதை செதுக்குவார், சின்ன வயசுலேர்ந்து பார்த்ததால அதுல தப்பு இருக்கும்னே எங்களுக்குத் தோணல. போன மாசம் அப்படி செதுக்கும்போது ரத்தம் தரையில சொட்டியிருக்கு, அவருக்குத் தெரியவே இல்ல, அம்மாதான் பார்த்து கத்துனாங்க. 12 வருஷமா சுகர், பாதம் மரத்தே போயிருக்கு.

டாக்டர் அந்த காய்ப்பை பக்குவமா சீவி எடுத்தா, அடியில ஒரு புண்ணு! வெளிய பார்த்தா எதுவுமே தெரியாது. ஒரே இடம் அழுந்திக்கிட்டே இருந்தா தோல் தன்னைக் காப்பாத்திக்க அடுக்கடுக்கா தடிக்குமாம், அது ரொம்ப தடிச்சதும் செருப்புக்குள்ள கிடக்குற கூழாங்கல் மாதிரி அதுவே உள்ள சதையை நசுக்குமாம். வலி தெரியுறவங்க காலை மாத்தி வச்சு நடந்துருவாங்க, அப்பாவால முடியல.

கால் ஆணிங்கிறது வேற, அது சின்னதா நடுவுல கெட்டியா முளை மாதிரி இருக்கும், நேரா அழுத்துனா சுருக்குனு வலிக்கும். பக்கவாட்டுல கிள்ளுனா வலிச்சு உள்ள கறுப்பு புள்ளி தெரிஞ்சா அது வைரஸால வர்ற மருவா இருக்கலாம், டாக்டர்ட்ட காட்டிருங்க. கால் ஆணி மேல ஒட்டிக்கன்னு கடையில விக்கிற கார்ன் கேப் பிளாஸ்டர்ல சாலிசிலிக் ஆசிட் இருக்கு, அது நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும், சுகர்காரங்க தயவுசெஞ்சு தொடாதீங்க. வெந்நீர்ல ஊற வைக்கிறதும் அவங்களுக்கு வேண்டாம், சூடு உறைக்காம வெந்துரும்.

சுகர் இல்லாதவங்க, கால்ல ரத்த ஓட்டம் நல்லா இருக்கிறவங்க பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணில ஊறவிட்டு கால் தேய்க்கிற கல்லால மெதுவா தேய்ச்சு யூரியா க்ரீம் போடலாம், ஒரே நாள்ல மொத்தத்தையும் எடுக்கணும்னு மட்டும் நிக்காதீங்க. என்ன தேய்ச்சாலும் அழுத்துற செருப்பை மாத்தலன்னா திரும்ப வந்துரும். அப்பாவுக்கு கால் அளவெடுத்து எம்.சி.ஆர். செருப்பு (மைக்ரோ செல்லுலார் ரப்பர்ல செஞ்ச மெத்துனு இருக்கிற செருப்பு) வாங்கினோம், வீட்டுக்குள்ளயும் அதான்.

புண்ணு ஆறிட்டு வருது. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி செல்போன் டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் விரல் இடுக்கோட பார்த்துடுறேன், பிளேடு டப்பாவை அம்மா எங்க வச்சாங்கன்னு எனக்கே தெரியாது.