ரெஸ்யூமே பில்டருக்குப் பின்னூட்டம் எழுதி, திருத்தம் வாங்கிய கதை

இன்ஜினியரிங், பாலிடெக்னிக் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ரெஸ்யூமே போட ஓர் ஆன்லைன் பில்டரைப் பயன்படுத்துகிறோம். அதில் கண்ட குறைகளைத் தொகுத்து, அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பினோம். பலவற்றைத் திருத்திவிட்டார்கள். எந்தத் தளமானாலும் இதே வழியில் சோதித்து எழுதலாம்.

சோதனையை டவுன்லோடு ஆன பிடிஎஃப்பில் இருந்து தொடங்குங்கள். கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். நிறுவனங்கள் விண்ணப்பங்களை வடிகட்ட வைத்திருக்கும் ஏடிஎஸ் மென்பொருளுக்குப் போய்ச் சேருவதும் ஏறக்குறைய இந்த வெறும் எழுத்துதான். பக்கத்தை இடம், வலம் என்று பிரிக்கும் இரண்டு பத்தி டெம்ப்ளேட்டுகளில் இங்கேதான் வண்டவாளம் தெரியும். இடப்பக்கத் திறன்களும் வலப்பக்க புராஜெக்ட் விவரமும் வரிக்கு வரி பின்னிக்கொண்டு, 'பைத்தான்' என்பதற்குப் பக்கத்திலேயே 'ஏப்ரல் 2024' வந்து நிற்கும். போன் நம்பருக்கு முன்னால் இருக்கும் குட்டி ஐகான், கட்டமாகவோ சம்பந்தமில்லாத எழுத்தாகவோ மாறியிருக்கும். திறனுக்குப் பக்கத்தில் போடும் ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றுகூட எழுத்தாக வராது. எங்களைக் கேட்டால் அந்த நட்சத்திரங்களே வேண்டாம். ஜாவாவில் நாலு நட்சத்திரம் என்றால் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்ணில் படாமல் தப்பிப்பது இன்னொன்று. சில ஃபான்ட்டுகள் ஆங்கிலத்தில் எஃப், ஐ இரண்டையும் ஒட்டி ஒரே உருவமாக வரையும். அந்த உருவம் எந்த எழுத்துகளைக் குறிக்கிறது என்ற தகவல் பிடிஎஃப்புக்குள் சரியாக இல்லையென்றால், 'சர்டிஃபிகேட்' என்ற ஆங்கிலச் சொல் நடுவில் ஓட்டையோடு ஒட்டும். திரையில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அந்தச் சொல்லைத் தேடினால் மட்டும் கிடைக்காது. தமிழில் ரெஸ்யூமே போட்டால் பாதிப்பு கூடும். 'கொ' என்பதை வரையும்போது கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் என்று மூன்று துண்டாகப் போகிறது. வரைந்த வரிசையிலேயே காப்பி ஆனால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். மூல எழுத்தைத் தனியாகப் பதிந்து வைக்க பிடிஎஃப்பில் 'ஆக்சுவல்டெக்ஸ்ட்' என்ற வசதி இருக்கிறது. பின்னூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். டெவலப்பருக்கு எங்கே கை வைப்பது என்று உடனே புரியும்.

அடுத்தது பெயர். 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று இருந்தால், இன்ஷியல் மட்டும் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் இன்ஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார். அப்புறம் மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ரெஸ்யூமேயில் ஒரு பெயர், ஆஃபர் லெட்டரில் வேறொரு பெயர். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு அலைவது அந்தப் பிள்ளைதான். 'சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் போதும். பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையிலேயே தேவையா என்று முதலில் யோசிக்கும்படி, இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் தன் வழிகாட்டலில் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டியதும் பேச்சு சட்டென்று முடிந்தது.

கல்விப் பகுதியில் இரண்டைப் பாருங்கள். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாம் ஆண்டு சேர்ந்த பலருக்கு பிளஸ் டூ இருக்காது. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கினால் அதற்கு மேல் நகரவே முடியாது. மதிப்பெண் கட்டம் 4-க்குள் மட்டும் ஏற்றுக்கொண்டால், 10-க்கு 8.2 வாங்கியவர் என்ன போடுவார்? எத்தனைக்கு எத்தனை என்று அளவுகோலையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

தாள் அளவு பலர் கவனிக்காத விஷயம். அமெரிக்க லெட்டர் தாளின் உயரம் 279 மி.மீ., ஏ4 தாளுக்கு 297. 10 பாயின்ட் எழுத்தில் இந்த 18 மி.மீ. ஏறக்குறைய நாலு வரி. ஏ4 தாளில் ஒரு பக்கத்தில் அடங்கியிருக்கும் ரெஸ்யூமே, தளம் லெட்டரை இயல்பாக வைத்திருந்தால் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். செட்டிங்கில் மாற்ற இடம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். போனில் நிரப்பும்போது ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி லோடாகி, அடித்ததெல்லாம் போவதும் உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் விட்டு வெளியே வரும்போதே தானாகச் சேமிக்க வேண்டும்.

இனி எழுதும் விதம். 'டெம்ப்ளேட் சரியில்லை' என்று அனுப்பினால் 'நன்றி' என்று பதில் வரும், அதோடு சரி. ஒரு மெயிலுக்கு ஒரே பிரச்சினை. டெம்ப்ளேட்டின் பெயர், போன் மாடல், பிரவுசர் பதிப்பு, எந்த வரிசையில் எதை அழுத்தினோம், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்துக் கோளாறு தெரியாது என்பதால் பிடிஎஃப்பையும், நோட்பேடில் ஒட்டியதையும் சேர்த்தே இணையுங்கள். மாணவரின் உண்மையான கோப்பை ஒருபோதும் அனுப்பாதீர்கள். போன் நம்பர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். கற்பனைப் பெயரில் ஒரு மாதிரி ரெஸ்யூமே செய்து, அதிலும் அதே கோளாறு வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. இரண்டு பத்தி டெம்ப்ளேட்டை எடுக்க மறுத்துவிட்டார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆட்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்களாம். ஆனால் காப்பி எடுத்தால் முதலில் இடப்பக்கம் முழுதும், பிறகு வலப்பக்கம் முழுதும் வரும்படி வரிசையைச் சீராக்கினார்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நட்சத்திரங்களை எடுக்காமல், பக்கத்தில் 'அடிப்படை', 'நடுத்தரம்' என்று எழுத்திலும் காட்டும் வசதியைச் சேர்த்தார்கள்.

திருத்தம் வந்துவிட்டது என்று மெயில் வந்ததும் புதிதாக ஒரு ரெஸ்யூமே செய்து பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே டவுன்லோடு செய்து வைத்திருக்கும் பிடிஎஃப் தானாக மாறாது. தளத்தில் சேமித்திருக்கும் பழைய ரெஸ்யூமேயும் சில சமயம் பழைய டெம்ப்ளேட்டிலேயே நிற்கும். அதைத் திறந்து, டெம்ப்ளேட்டை மறுபடி தேர்ந்தெடுத்து, சேமித்து, புதிதாக டவுன்லோடு செய்து, நோட்பேடில் இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள். வேலை தேடும் தளங்களில் ஏற்றியிருக்கும் பழைய கோப்பை அழித்துவிட்டு இதை ஏற்றுங்கள்.