ஆம்புலன்ஸ் ரயில்: நடு பங்க் ஒருவழியா மடங்கிருச்சு

முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க பிரான்சுல ஓட்டுன ஆம்புலன்ஸ் ரயிலோட வார்டு கோச், அதாவது காயக்காரங்க படுக்குற பெட்டி, அதை 1:76 ஸ்கேல்ல மாடலா செஞ்சுட்டு இருக்கேன். ரூஃப் இன்னும் மாட்டல, ஆனா நடு பங்க் (நடு அடுக்குப் படுக்கை) மடங்குது, அதைச் சொல்லாம இருக்க முடியல.

கோச்சுக்கு 36 படுக்கை, மூணு மூணு அடுக்கா. நடு அடுக்கை மடக்கிட்டா கீழ் பங்க் பெஞ்ச் ஆயிரும், உட்கார முடிஞ்ச காயக்காரங்க ஜாஸ்தியா வர்ற அன்னிக்கு வரிசையா உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போகலாம். என்ன அருமையான யோசனை! அதுக்காகவே இந்தக் கோச்சை எடுத்தேன், அதை அசையாம ஒட்டி வைக்க மனசே வரல.

ஆறடி பங்க் இந்த ஸ்கேல்ல 24 மில்லிமீட்டர், அதுல கீல் வேணும். ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்ல வெட்டுன கீல் நாலஞ்சு தடவை மடக்குனா வெளுத்து ஒடிஞ்சிருது. கடைசில பித்தளைக் கம்பிதான். குன்னூர் மார்க்கெட் பக்கம் நகை ஆசாரி ஒருத்தர் 0.4 மில்லிமீட்டருக்கு இழுத்துக் குடுத்தாரு, ஹாபி கடைல சுருளா வர்றதைவிட இது நேரா இருக்கு, உங்க ஊர்லயும் நகைப் பட்டறைல கேட்டுப் பாருங்க. பங்க் ஃப்ரேமையே அந்தக் கம்பில வளைச்சு, சுவத்துப் பக்கம் ரெண்டு முனையையும் கொஞ்சம் நீட்டி விட்டு, குத்துக்கால் ஓட்டைல சொருகியாச்சு, பசையே கிடையாது. சால்டர் (பத்தவைக்கிற ஈயம்) துளி கூடுனாலும் முனை உள்ள போகாது, அரம் போட்டே ஆகணும்.

ஃபெவிக்விக் ஜன்னல் பக்கம் வரவே கூடாது, நம்ம ஊர் ஈரத்துல கண்ணாடி ஷீட் வெள்ளையா பூத்துரும். மேட் வார்னிஷும் அப்படித்தான், மேகம் இறங்குன நாள்ல அடிச்சா பால் ஊத்துன மாதிரி ஆயிருது, வெயில் வந்த மத்தியானம் மட்டும் அடிங்க. செஞ்சிலுவை டீகாலுக்கு (ஒட்டுற பிரிண்ட் படம்) அடில வெள்ளைச் சதுரம் பெயின்ட்ல போட்டுக்கோங்க, பிரிண்டர்ல வெள்ளை வராது.

இங்க எல்லாரும் மலை ரயில் எக்ஸ் கிளாஸ் எஞ்சின் எப்போன்னு கேக்குறாங்க. அது அப்புறம். 1914 டிசம்பர்ல இங்கிலாந்துல பிரைட்டன் அரண்மனையை இந்திய சிப்பாய்ங்களுக்கு ஆஸ்பத்திரியா மாத்துனாங்க இல்ல, நம்மாளுங்களை அங்க இறக்குன பிளாட்ஃபார்ம்தான் அடுத்து. எம்-சீல்ல தலைப்பாகை சுத்திப் பார்த்தேன், ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கற உருவத்துக்கு நல்லா நிக்குது. கோச்சோட நடு டபுள் டோர் ரெண்டும் திறக்குற மாதிரி வரணும், ஸ்ட்ரெச்சரை அது வழியாத்தான் ஏத்தணும் இறக்கணும், மிச்சக் கம்பி அதுக்குத்தான் வச்சிருக்கேன்.