சித்தி விட்டுட்ட அந்த ஒரு நாள்

போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு சித்தி ஃபோன் பண்ணாங்க, எடுத்ததுமே அழுகை, யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு எனக்கு கைகாலே ஓடல. கடைசில பாத்தா, முந்தின நாள் காய்ச்சல்ல சுருண்டு படுத்துட்டாங்களாம், புனித பிரிஜித்தம்மாளோட பதினஞ்சு ஜெபத்த அன்னிக்கு சொல்லாம விட்டுட்டாங்க. பத்தரை மாசமா ஒரு நாள் தவறாம சொன்னவங்க. நடுவுல ஒரு நாள் விட்டாலும் செல்லாது, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு அந்த தாளக் குடுத்த அக்கா சொல்லியிருக்கு. "தாத்தா இன்னும் உத்தரிக்கிற ஸ்தலத்துலயே கெடக்காருடா, என்னாலதான்"னு விசும்புறாங்க. செத்தவங்க ஆத்துமா மோட்சத்துக்குப் போறதுக்கு முன்னாடி பாவக்கடன் தீர வேதனைப்படற எடம்தான் அது. தாத்தா செத்து இருவது வருசம் ஆகப்போகுது.

அந்த தாள ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, மடிச்ச எடத்துல ஒரு வரியே அழிஞ்சுபோயிருக்கு. ரோமாபுரில புனித சின்னப்பர் (பவுல்) கோயில்ல சிலுவைல தொங்கற இயேசுவோட சுரூபம் பிரிஜித்தம்மாகிட்ட பேசுச்சாம்: என் உடம்புல விழுந்த அடி 5480, அதை மகிமைப்படுத்தணும்னா ஒரு வருசம் தினமும் 15 பரலோக மந்திரம், 15 அருள் நிறைந்த மந்திரம், கூட இந்த ஜெபங்கள். முடிச்சா உன் வம்சத்துல 15 ஆத்துமாவுக்கு உத்தரிக்கிற ஸ்தலத்துல இருந்து விடுதலை, 15 பாவிங்க மனந்திரும்புவாங்க, இப்படி வரிசையா போகுது. நான் கணக்கெழுதி பொழைக்கிறவன், கை தன்னால கால்குலேட்டருக்குப் போயிடுச்சு. 365ஐ 15ஆல பெருக்குனா 5475. லீப் வருசம்னா 5490. 5480 எந்த வருசத்துலயும் வராது. அஞ்சு அடிக்கு ஜெபமே இல்ல.

சரி, கணக்கு எவனோ டைப் பண்ணவன் தப்பாக்கூட இருக்கலாம்னு வச்சுக்கிட்டு மேல தேடுனேன். பிரிஜித்தம்மா நிஜமான ஆளுதான், சுவீடன்காரங்க, 1303ல பொறந்து 1373ல ரோமாபுரில இறந்தவங்க, 1391லயே புனிதர் பட்டம் குடுத்துட்டாங்க. அவங்களுக்கு வந்த காட்சிகள அவங்களோட ஆன்ம குருக்கள் லத்தீன்ல எழுதிவச்சு அது எட்டு புத்தகமா இருக்கு. அவ்ளோ எழுதிவச்சிருக்காங்க, ஆனா இந்த வாக்குறுதிகள் அதுல இல்ல. ஜெபங்களே பிற்பாடு இங்கிலாந்துல உருவானதுன்னுதான் ஆராய்ச்சியாளருங்க பலபேர் சொல்றாங்க. ஜெபத்துல ஒரு குறையும் இல்லங்க, நானே படிச்சேன், பாடுகள ஒவ்வொண்ணா சொல்லும்போது மனசு கரையுது. ஆனா 1954 ஜனவரில விசுவாச விசயங்கள கவனிக்கற வத்திக்கானோட திரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை விட்டிருக்கு: பிரிஜித்தம்மாவுக்கு கடவுள் குடுத்ததா சொல்ற இந்த வாக்குறுதிகள் தெய்வீக மூலத்துல இருந்து வந்ததுன்னு எந்த நிரூபணமும் இல்ல, இதை அச்சடிக்கவோ மறுபதிப்பு போடவோ மேற்றிராணிமார், அதான் ஆயர்கள், அனுமதிக்கக் கூடாதுன்னு. 1954ல! நம்ம ஜெராக்ஸ் கடைக்கு அந்த செய்தி இன்னும் வந்து சேரல.

இந்த மாதிரி தாள்கள்ல மேல ஒரு வரி போட்டிருப்பாங்க, எட்டாம் உர்பன் பாப்பரசர் சொன்னாராம், தனிப்பட்ட வெளிப்பாடுகள நம்பாம இருக்கறதவிட நம்பறது நல்லது, பொய்யா இருந்தாலும் பலன் கிடைக்கும்னு. எந்த ஆவணத்துல சொன்னாருன்னு நான் பாத்த ஒரு தாள்லயும் இல்ல. இதுல கூத்து என்னன்னா, திருச்சபை ஏத்துக்காத ஆளுங்களோட காட்சி, புதுமை (அற்புதம்) எதையும் மேற்றிராணியார் அனுமதி இல்லாம அச்சடிக்கக் கூடாதுன்னு 1625லயும் 1634லயும் சட்டம் போட்டதே இதே எட்டாம் உர்பன்தான்.

அப்போ எல்லா வாக்குறுதியும் டூப்பான்னு கேட்டா அப்படியும் சொல்ல முடியல. இயேசுவோட திரு இருதயத்தோட 12 வாக்குறுதிய எடுத்துக்கங்க, நம்ம வீட்டு படத்துக்கு கீழ அச்சடிச்சிருக்குமே. அந்த லிஸ்ட்ட, காட்சி கண்ட பிரெஞ்சு கன்னியாஸ்திரி புனித மார்கரீத் மரியம்மா ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதல, அவங்க கடிதங்கள்ல அங்கங்க இருந்தத பின்னால வந்தவங்க தொகுத்தாங்க, 1882ல அமெரிக்காவுல டேட்டன் ஊர்ல பிலிப் கெம்பர்ங்கற வியாபாரி கார்டா போட்டு இருநூத்துக்கும் மேல மொழில பரப்புனாரு. ஆனா ஒம்பது முதல் வெள்ளி வாக்குறுதிக்கு, அதாவது ஒம்பது மாசம் தொடர்ந்து முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வாங்கறவங்களுக்கான வாக்குறுதிக்கு, 1688ல அவங்க எழுதுன கடிதம் இருக்கு. கைய வச்சு காட்டறதுக்கு ஒரு தாள் இருக்கு இல்ல, அதுதான் எனக்கு வித்தியாசம்.

இத ஃபிரண்டுகிட்ட சொன்னப்ப அவன் கேட்டான், ரோம் வேணாம்னா வேணாமா, போலந்து கன்னியாஸ்திரி பவுஸ்தீனாவோட இறை இரக்க பக்தியையும் 1959ல தடை பண்ணாங்களே, 1978ல எடுத்துட்டு 2000ல புனிதராவே ஆக்குனாங்களேன்னு. நல்ல கேள்வி. ஆனா பவுஸ்தீனா சொந்தக் கையால எழுதுன டைரி இருந்துச்சு, மொழிபெயர்ப்புல கோளாறு, மூலத்த வச்சு மறுபடி பரிசோதிச்சாங்க. இங்க பரிசோதிக்க மூலமே இல்லையேடா, சித்தியோட ஜெராக்ஸ்தான் இருக்கு.

இன்னொண்ணு கிடைச்சுது, 1899ல பலன்கள, அதாவது பாவத்துக்கான தண்டனைய குறைக்கற சலுகைகள, கவனிக்கற வத்திக்கான் துறை போட்ட விதிகள்: இந்த ஜெபத்த சொன்னா இத்தனை ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல இருந்து வெளிய வரும்னு சத்தியம் பண்ற துண்டுத்தாள், சின்ன புத்தகம் எல்லாத்தையும் தள்ளிடணும்னு நேரடியா இருக்கு. ஒரு ஜெபத்துக்கு ஆயிரம் ஆத்துமான்னு புனித ஜெர்த்ரூத்தம்மா பேர்ல ஒண்ணு சுத்துதே, அதுக்கும் சேத்துதான்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சித்தி வீட்டுக்குப் போனேன். காலண்டர்ல தினமும் செவப்பு பேனால டிக், அந்த ஒரு கட்டம் மட்டும் காலி. 1954 விசயத்த சொன்னப்ப மூஞ்சி வாடிருச்சு, பத்தரை மாசம் முட்டி போட்டவங்களாச்சே, எனக்கே ஏன்டா வாயத் தொறந்தோம்னு ஆயிடுச்சு. "தாத்தாவுக்காக சொன்னத ஆண்டவர் கேக்காமலா இருப்பாரு சித்தி, 365 ஆனாதான் கேப்பேன்னு அவரு எங்கயும் சொல்லல"ன்னேன். ஒண்ணும் பேசல. காபி போடப் போயிட்டாங்க.

காபியோட வரும்போது பர்ஸ தொறந்து லேமினேட் பண்ண ஒரு கார்ட எடுத்து நீட்டுனாங்க, "அப்போ இது?" இயேசுவ வளத்த சூசையப்பரோட ஜெபம், 1505ல சண்டைக்குப் போற சார்லஸ் பேரரசருக்கு பாப்பரசர் அனுப்பிவச்சதாம், கைல வச்சிருந்தா தண்ணில சாகமாட்டோம், வெசம் ஏறாதாம். ஃபோன்ல தேடி காட்டுனேன், சார்லஸ் பொறந்தது 1500, பேரரசர் ஆனது 1519.

சித்தி விரல் விட்டு எண்ணுனாங்க. "அஞ்சு வயசு பயலையாடா சண்டைக்கு அனுப்புனாங்க"ன்னு ஒரே சிரிப்பு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அப்புறம் கார்ட முந்தானையால தொடச்சு, நெத்தில ஒத்திக்கிட்டு, திரும்ப பர்ஸுக்குள்ளயே வச்சுக்கிட்டாங்க.